எண்களைத் திருத்தினால் கணினி விரையுமா?

கணினி வாங்குவது மலையகக் குடும்பம் ஒன்றுக்குச் சிறு காரியம் அன்று. சீட்டுப் பணம் கைக்கு வரும் மாதத்தை எதிர்நோக்கியிருந்து, பிள்ளையை முன்னே விட்டுத் தாயும் தந்தையும் பின்னே சென்று, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு கடையில் விலை பேசி வாங்கிவரும் பொருள் அது. பெரும்பாலும் அது பழைய யந்திரமாகவே இருக்கும். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகத்தில் சில வருடங்கள் உழைத்துவிட்டு, தூசு தட்டப்பெற்று மலையேறி வந்திருக்கும். வீட்டுக்கு வந்து சில வாரங்கள் செல்லுமுன், அது ஆமை போல நகர்கிறது என்ற முறைப்பாடு எழும்.

அவ்வேளையில் இரண்டு வகையான ஆலோசனைகள் வந்து சேர்கின்றன. ஒன்று, பாடசாலை நண்பர்களிடமிருந்து வருவது: நினைவகத்தின் வேகத்தைக் கூட்டு, அதன் காலக் கணக்குகளைக் குறை, யந்திரம் பறக்கும் என்பது. மற்றையது கடையிலிருந்து வருவது: இருக்கும் நினைவகத்தைக் கழற்றிவிட்டு வேகம் கூடிய புதியதைப் போடுங்கள் என்பது. முன்னதற்குப் பணம் வேண்டியதில்லை; ஆனால் யந்திரத்துக்கும் அதிலுள்ள பாடக் குறிப்புகளுக்கும் ஆபத்து உண்டு. பின்னதற்கு ஆபத்து இல்லை. ஆனால் பணம் வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிவோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற நிலையை அடைவதற்கே 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டிலேயே ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, கப்பலில் வரும் பொருள்கள் அனைத்தும் விலையேறின. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்படும் பெருங் கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளி வாங்கத் தொடங்கியதனால், உலகெங்கும் நினைவகத்தின் விலை மேலும் ஏறியது. ஆகவே, நினைவகத்தின் வேகத்தையும் காலக் கணக்கையும் மாற்றினால் கண்ணுக்குத் தெரியும் பயன் உண்டா என்பதை விளையாட்டுப் பிள்ளைகளின் விவாதமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

லயமும் காம்பராவும்

கணக்கிடும் உறுப்பைச் செயலி என்கிறோம். அது கையாளும் தரவுகளைத் தற்காலிகமாக ஏந்தி நிற்பது நினைவகம். கடையில் இதனை ரேம் என்பார்கள். மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை எல்லாம் மறைந்துபோகும். அதன் சில்லு ஒவ்வொன்றினுள்ளும் கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லையேல் பூச்சியம். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் ஒரு பிட்டைக் காத்து வைக்கலாம் என்ற எளிய உபாயத்தைக் கண்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ரொபர்ட் டெனாட் ஆவார். அதற்குரிய காப்புரிமை அவருக்கு 1968இல் கிடைத்தது. இன்று நம் கையிலுள்ள தொலைபேசி முதற்கொண்டு எல்லாம் அந்த உபாயத்தின் மேலேயே நிற்கின்றன.

உபாயம் எளிதாயினும் அதில் ஒரு குறை உண்டு. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடத்தைப் போன்றது. ஏற்றிய மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி விநாடிக்குள் ஒரு தரமேனும் மறுபடி நிரப்பாவிட்டால், ஒன்று எது, பூச்சியம் எது என்று தெரியாமற் போய்விடும். மேலும், ஒரு வரிசையைப் படித்தவுடன் அதிலிருந்த மின்னேற்றம் கலைந்துவிடுகிறது. அதனைப் பழையபடி நிரப்பிய பின்னரே அவ்வரிசையை மூட முடியும்.

நமது தோட்டத்து லயங்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வரிசையை லயம் என்றும், வரிசைக்குள் இருக்கும் இடத்தைக் காம்பரா என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தரவு வேண்டுமாயின் முதலில் அது உள்ள லயத்தைத் திறக்க வேண்டும். பின்னர் குறித்த காம்பராவைத் தட்ட வேண்டும். அடுத்த தரவு வேறொரு லயத்தில் இருந்தால், திறந்ததை ஒழுங்காக அடைத்துவிட்டு அங்கே செல்ல வேண்டும். நினைவகத் துண்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 16-18-18-38 என்பது போல நான்கு எண்கள் காணப்படுகின்றன அல்லவா? முதல் எண், திறந்த லயத்தில் காம்பராவைத் தட்டியதிலிருந்து தரவு கைக்கு வரும் வரையுள்ள காத்திருப்பு. இரண்டாவது, லயத்தைத் திறக்க ஆகும் காலம். மூன்றாவது, அதனை அடைக்க ஆகும் காலம். நான்காவது, ஒரு தரம் திறந்த லயம் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது. இவை விநாடிக் கணக்கு அல்ல. நினைவகக் கடிகாரத்தின் துடிப்புக் கணக்கு. மாணவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்திலேதான். ஆகவே சற்று நின்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

டி.டி.ஆர்.4-3200 என்று எழுதிய துண்டு விநாடிக்கு 3,200 மில்லியன் தரம் தரவைப் பரிமாறும். ஒரு தரத்துக்கு எட்டு பைட்டு. ஆக விநாடிக்கு 25.6 ஜி.பி. இது அதன் அகலம் அல்லது கொள்ளளவு எனலாம். ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம் நிகழ்வதால் கடிகாரத் துடிப்பு விநாடிக்கு 1,600 மில்லியன். ஒரு துடிப்புக்கு 0.625 நானோ விநாடி. முதல் எண் 16 ஆயின் காத்திருப்பு 10 நானோ விநாடி. அதே வேகமுள்ள மலிவான துண்டில் முதல் எண் 22 ஆக இருக்கும். அப்பொழுது காத்திருப்பு 13.75 நானோ விநாடி.

இனி, பழைய டி.டி.ஆர்.3-1600 துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் எண் 11. துடிப்பு ஒன்றுக்கு 1.25 நானோ விநாடி. பெருக்கிப் பாருங்கள்: அதே 13.75! இன்னும் பின்னோக்கிச் சென்று, 2000களின் முற்பகுதியில் வந்த டி.டி.ஆர்-400 துண்டைப் பார்த்தால், எண் 3, காத்திருப்பு 15. டி.டி.ஆர்.5-4800 துண்டில் எண் 40 என்று இருந்தால் காத்திருப்பு ஏறக்குறைய 16.7. இருபது வருடங்களில் அகலம் பன்மடங்கு பெருகியிருக்கிறது. காத்திருப்போ நின்ற இடத்திலேயே நிற்கிறது. எண் சிறிதாக இருக்கிறது என்பதற்காக ஒரு துண்டு விரைவானது என்றோ, பெரிதாக இருக்கிறது என்பதற்காக மந்தமானது என்றோ சொல்லிவிட முடியாது. துடிப்பின் நீளத்தோடு பெருக்கிப் பார்த்தாலன்றி அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

தேயிலைக் கம்பனி செய்த கணினி

நினைவகத்தின் காலக் கணக்கைச் சீர்செய்து யந்திரத்தை விரைவாக்கும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கணினி பிறந்த காலத்திலேயே அது பிறந்துவிட்டது. அக்கதையில் தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்றொரு பெரிய ஸ்தாபனம் இருந்தது. நாடெங்கும் தேநீர்ச் சாலைகள் நடத்தியது. ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்றது. பல நாடுகளின் தேயிலையை வாங்கிக் கலந்து பொட்டலம் கட்டி விற்றது. இலட்சக்கணக்கான சிறு விற்பனைகளுக்குக் கணக்கு வைப்பதே அதற்குப் பெரும் பாடாக இருந்தது. 1947இல் அதன் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்று, அங்கே புதிதாகத் தோன்றியிருந்த மின்னணுக் கணக்கு யந்திரங்களைப் பற்றி விசாரித்து வந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் என்ற அறிஞர் எட்சாக் என்னும் கணினியைச் சமைத்துக்கொண்டிருந்தார். லயன்ஸ் அவருக்கு 3,000 பவுன் உதவித்தொகை அளித்து, அவருடைய அமைப்பைத் தழுவித் தானும் ஒன்றைச் செய்யும் அனுமதி பெற்றது. எட்சாக் 1949 மே 6ஆம் நாள் தன் முதற் கணக்கைப் போட்டது. ஜோன் பிங்கட்டன் என்ற பொறியியலாளரின் பொறுப்பில் லயன்ஸ் செய்த லியோ என்னும் யந்திரம், 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்குகளை வாரந்தோறும் போடத் தொடங்கியது. வணிக ஸ்தாபனம் ஒன்றின் அன்றாடக் கணக்கை ஒழுங்காகச் செய்த முதற் கணினி அதுவே. பின்னர் அது சம்பளக் கணக்குப் போட்டது; தேயிலைக் கலவைக் கணக்கையும் போட்டது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணிக்க எட்டு நிமிடம் எடுத்தார். லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது. தேயிலைக் கலவையின் கணக்கு கணினிக்குள் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில், நம் தோட்டங்களிலே கணக்கப்பிள்ளைமார் கொப்பியும் பென்சிலுமாகக் கொழுந்து நிறுவையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்!

லியோவின் நினைவகம் எப்படி இருந்தது தெரியுமா? ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள உருக்குக் குழாய்கள், உள்ளே பாதரசம். மின் துடிப்பை ஒரு முனையில் ஒலியாக மாற்றிப் பாதரசத்தினுள் அனுப்புவர். அவ்வொலி மறு முனையை அடைய ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். அங்கே அதனை மீண்டும் மின்துடிப்பாக்கி முதல் முனைக்கே திருப்பி அனுப்புவர். மலை முகட்டில் நின்று கூவினால் எதிர் மலையிலிருந்து ஒலி திரும்புகிறதே, அவ்வாறே எண்கள் குழாயினுள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் வரைக்கும் ஞாபகம் உண்டு. ஆனால் வேண்டிய எண் அப்பொழுதுதான் முனையைக் கடந்து சென்றிருந்தால், அது முழுச் சுற்றும் சுற்றி வரும் வரை யந்திரம் சும்மா நிற்க வேண்டியதுதான்.

இக்காத்திருப்பைப் பொறுக்காதவர் அலன் டூரிங். அவருடைய திட்டத்தை அடியொற்றி இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டு 1950 மே மாதத்தில் இயங்கத் தொடங்கிய பைலட் ஏஸ் என்னும் கணினியிலும் பாதரசக் குழாய்களே இருந்தன. ஆயினும் அதற்குக் கட்டளை எழுதுவோர் ஒவ்வொரு கட்டளையையும், அது தேவைப்படும் தருணத்தில் சரியாகக் குழாயின் முனைக்கு வந்து சேரும்படியான இடத்திலே வைத்தனர். எழுதுவோருக்கு அது பெருந் தலையிடி. ஆனால் பயன் பெரிது. குறைந்த உறுப்புகளைக் கொண்டிருந்தும் அக்காலத்து வேகமான கணினிகளுள் ஒன்றாக அது விளங்கியதற்கு இந்த ஒழுங்கே முக்கிய காரணம்.

எனவே நினைவகத்தின் காலத்தைச் சீர்செய்தால் கணினி விரையும் என்று கூறும் நம் மாணவர் கூற்றில் பிழை இல்லை. அது 1950இல் முழு உண்மை. இன்று அது ஏன் கால் உண்மையாகவும் மிஞ்சவில்லை என்பதே நாம் காண வேண்டியது.

அதற்குக் காரணமானவரும் அதே வில்க்ஸ்தான். செயலி வர வர விரைவாகிறது, நினைவகமோ பின்தங்குகிறது என்பதைக் கண்ட அவர், 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய, மெதுவான நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே சிறிய, விரைவான அடிமை நினைவகம் ஒன்றை வைக்கலாம். அண்மையில் பயன்பட்ட தரவுகள் அதிலே தங்கியிருக்கட்டும் என்பது அவர் கருத்து. 1968இல் ஐ.பி.எம். அறிவித்த ஒரு பெருங் கணினியில் அக்கருத்து வணிக உருப் பெற்றது. இன்று அதனைப் பதுக்கு நினைவகம் என்று பாடநூல்களில் படிக்கிறோம். எந்தச் செயலியைத் திறந்தாலும் அதற்குள் இரண்டு மூன்று படிகளாக இந்தப் பதுக்கு நினைவகம் அமர்ந்திருக்கும்.

சாய்குழாயும் கொழுந்துக் குவியலும்

இதன் விளைவைத் தேயிலைத் தொழிற்சாலையிலேயே காணலாம். மேல்மாடியில் வாட்டிய கொழுந்தைச் சாய்குழாய் வழியே கீழேயுள்ள உருட்டு யந்திரத்துக்கு இறக்குகிறார்கள். யாரோ ஒருவர், குழாயை இன்னும் செங்குத்தாக்கினால் கொழுந்து விரைவாக விழும், ஆகவே தேயிலை அதிகம் உற்பத்தியாகும் என்று யோசனை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருட்டு யந்திரத்தின் அருகே எந்நேரமும் ஒரு குவியல் கொழுந்து தயாராக இருக்குமாயின், மேலிருந்து வருவது இரண்டு விநாடி முந்தினால் என்ன, பிந்தினால் என்ன? யந்திரம் அதனை அறியப்போவதில்லை. அந்தக் குவியல்தான் பதுக்கு நினைவகம். செயலி கேட்கும் தரவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அக்குவியலிலேயே கிடைத்துவிடுகின்றன.

மறுபுறம், மடுவத்திலிருந்து கொழுந்து ஏற்றிவர வேண்டிய லொறி சேற்றில் சிக்கி வரவேயில்லை. மேல்மாடி வெறுமையாகக் கிடக்கிறது. அப்பொழுது குழாயை எவ்வளவு செங்குத்தாக்கினாலும் விழுவதற்குக் கொழுந்து இல்லை. கணினியில் இந்த லொறிதான் வன்தட்டு. நினைவகத்தின் அளவு போதாதபோது யந்திரம் வன்தட்டிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக அல்லாடுகிறது. நம் வீட்டுப் பழைய கணினி நகர மறுப்பது பெரும்பாலும் இந்த நிலையிலேதான்.

அளவுகளை ஒப்பிட்டால் உண்மை பளிச்செனத் தெரியும். செயலி கேட்ட ஒரு தரவு, பதுக்கு நினைவகத்தில் இல்லாதபோது, நினைவகம் வரை சென்று மீள எல்லாமாகச் சேர்ந்து 80 நானோ விநாடி அளவில் ஆகிறது. நாம் மேலே கணக்கிட்ட 10, 14 என்பவை அதில் ஒரு பகுதியே. அந்த 80 நானோ விநாடியை ஒரு நிமிடம் என்று பெருக்கி வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை 22இலிருந்து 16க்குக் குறைத்தால் மிச்சப்படுவது மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவு. இதே அளவுகோலில், திண்மநிலைத் தட்டு ஒன்றிலிருந்து தரவு வந்து சேர ஏறக்குறைய 21 மணி நேரம் ஆகும். சுழலும் பழைய வன்தட்டிலிருந்து வருவதற்கோ ஏறத்தாழ 87 நாட்கள்! மூன்று மாதம் லொறிக்குக் காத்திருப்பவர், சாய்குழாயில் மூன்று விநாடி மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறார்?

ஆகவே 4 ஜி.பி. நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ள யந்திரத்தை வைத்திருப்பவர் காலக் கணக்கை நினைக்கவே வேண்டியதில்லை. வன்தட்டை மாற்றித் திண்மநிலைத் தட்டைப் போடுவதும், நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்குவதுமே அவர் செய்யத்தக்கவை. யந்திரத்தைத் திறக்கும் முன்னரே இதனைச் சோதித்துக்கொள்ளலாம்: விண்டோஸின் பணி மேலாளரைத் திறந்து, யந்திரம் தடுமாறும் வேளையில் எந்த உறுப்பு நூற்றுக்கு நூறைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும்.

கடைக்காரர் காட்டும் வேகமான துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகங்களிலிருந்து வரும் பழைய யந்திரங்களில் இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி இருந்தால், அது டி.டி.ஆர்.4 நினைவகத்தை 2133 வேகத்தில் இயக்கும்படி வகுக்கப்பட்டது. ஏழாம் தலைமுறையாயின் 2400. அதில் 3200 துண்டைப் பொருத்தினால் அது பொருந்தும், இயங்கவும் செய்யும்; ஆனால் 2133 அல்லது 2400 வேகத்திலேயே இயங்கும். வேகம் குறைந்த பழைய துண்டுக்குப் பக்கத்தில் வேகமான புதியதைப் பொருத்தினாலும் இரண்டும் மெதுவானதன் நடைக்கே நடக்கும். மாட்டு வண்டியில் பந்தயக் குதிரையை இணை சேர்த்தது போலத்தான்! நிற விளக்குகளும் அலுமினியச் சட்டையும் மாட்டிய துண்டுகளுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. விளக்கு அழகாகத்தான் இருக்கிறது.

பயன் உண்டாகும் இடங்கள்

எங்குமே பயன் இல்லை என்று சாதிப்பது நம் நோக்கம் அன்று. தனியான வரைகலை அட்டை இல்லாத யந்திரத்தில், திரையில் படம் வரையும் உறுப்பும் செயலிக்குள்ளேயே இருந்துகொண்டு இதே நினைவகத்தைப் பங்கிட்டு உண்கிறது. அதற்குப் பதுக்கு நினைவகம் போதாது. அகலமான குழாய் வேண்டும். அத்தகைய யந்திரத்தில் ஒரே துண்டுக்குப் பதிலாக ஒரே அளவான இரண்டு துண்டுகளை உரிய இரண்டு இடங்களில் பொருத்தினால் குழாய் இரட்டிப்பாகிறது. விளையாட்டும் முப்பரிமாணப் படமும் கண்ணுக்குத் தெரியும்படி சீராக ஓடும். எட்டு ஜி.பி. துண்டு ஒன்றை வாங்குவதைவிட நான்கு ஜி.பி. துண்டுகள் இரண்டை வாங்குவது அங்கே மேல்.

வேறொரு சந்தர்ப்பமும் உண்டு. புதிதாகப் பொருத்திய மேசைக் கணினியில் 3200 அல்லது 3600 வேகத் துண்டைப் போட்டவர் பலர், அது உண்மையில் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருப்பதை அறியாமலே இருக்கிறார்கள். தயாரித்தவர் வாக்களித்த வேகத்தை எக்ஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டின் வழியே பயோஸில் நாமாகத் திறந்துவிட வேண்டும். இது ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு உரிய பொருளைக் கேட்டு வாங்குவது. பெரிய கோப்புகளைச் சுருக்குதல், பெரும் தரவுத் தொகுதிகளைக் கணக்கிடுதல், செயலியை வருத்தும் சில விளையாட்டுகள் ஆகியவற்றில் இதனால் பயன் தெரியலாம். கட்டுரை தட்டச்சுச் செய்வதிலும், பாடக் காணொளி பார்ப்பதிலும், பரீட்சை வினாத்தாள் திறப்பதிலும் தெரியாது. எக்ஸ்.எம்.பி.யைத் திறந்த பிறகு நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக மேலும் குறைப்பதால் வருவது, விளையாட்டுகளிலே நூற்றுக்குச் சில பங்கு. மற்ற வேலைகளிலே அளவுகருவிக்கு மட்டும் தெரியும் வித்தியாசம். மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றிலும், அலுவலக யந்திரங்களிலும் இவ்வெண்களை மாற்றும் வசதியே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நுவரெலியாக் குளிரில் யந்திரம் சூடேறாது. ஆகவே இங்கே வேகத்தைத் துணிந்து ஏற்றலாம் என்று ஒரு வாதமும் நம் காதில் விழுகிறது. குளிரில் ஓட்டைக் குடம் மெதுவாகக் கசியும் என்பது மெய்யே. ஆயினும் 85 பாகை வெப்பத்துக்கு மேற்பட்டால்தான் மீள்நிரப்புதலை இரட்டிக்க வேண்டும் என்பது நியமம். வீட்டுக் கணினியின் நினைவகம் கொழும்பிலும்கூட அவ்வளவு சூடேறுவது அரிது. வேகத்தை ஏற்றும்போது யந்திரம் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெப்பம் அன்று. துடிப்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, எது எதுவென்று இனங்காண முடியாமற் போவதே. நம் மலைகளில் நினைவகத்துக்கு உண்மையான பகை ஈரம். மழைக்காலத்தில் மூடுபனி காம்பராவுக்குள் வரை வந்து படிகிறது; துண்டின் பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்கும் பாசியும் ஏறுகின்றன. யந்திரம் திடீரென நின்றுவிடுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் சில, மின்னிணைப்பை அகற்றிவிட்டு அத்தொடுமுனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்தியதும் தீர்ந்துவிடுகின்றன.

எண்களை அளவுக்கு மீறிக் குறைத்தால் நேர்வது என்ன? யந்திரம் கிளம்பவே மறுத்தால் அது நல்ல சகுனம் என்போம். ஏனெனில் தவறு உடனே தெரிந்துவிடுகிறது. மோசமானது மற்றைய வகை. யந்திரம் ஒழுங்காக ஓடுவதுபோலவே காட்டும். எங்கோ ஒரு மூலையில் ஒரு பிட் மட்டும் ஒன்றிலிருந்து பூச்சியமாக மாறும். மாறியது பாடக் குறிப்புக் கோப்பில் இருந்தால், அந்தப் பிழையோடேயே அது தட்டிலே பதியப்படும். ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் கோப்பு பழுதுற்றது தெரியவரும். உயர்தரப் பரீட்சைக்குச் செய்த செயற்றிட்ட அறிக்கை அதில் இருந்ததென்றால் அந்தப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் செய்துபார்க்கும் ஆவல் ஒரு மாணவருக்கு இருந்தால், அதனை நாம் தடுப்பதற்கில்லை. கணினியின் உள்ளமைப்பைக் கற்க இது நல்ல வழியுங்கூட. ஆனால் அதனை முறையாகச் செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரே கணினி என்றால் முதலில் கோப்புகள் அனைத்தையும் வெளியே பிரதி எடுத்துவிடுக. பயோஸில் காணும் பழைய எண்கள் அத்தனையையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்க. ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண்ணை மாத்திரம், அதுவும் ஒரு படி மாத்திரம் குறைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். யந்திரம் கிளம்பாமற் போனால் மின்சாரத்தைத் துண்டித்து, தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பயனை அளக்கும்போது மனத்தின் எண்ணத்தை நம்பலாகாது. புதிதாக எதையேனும் மாற்றியவருக்கு யந்திரம் விரைவதாகவே தோன்றும். ஒரே பெரிய கோப்புத் தொகுதியை ஒரே நிரலால் சுருக்கும்படி செய்து, கைக்கடிகாரத்தைப் பிடித்து, மாற்றத்துக்கு முன் ஐந்து தரம், பின் ஐந்து தரம் நேரம் குறிக்க வேண்டும். முதல் தரத்தில் தட்டிலிருந்து வாசிக்கும் நேரமும் சேர்ந்துவிடுவதால் அதனை விட்டுவிட வேண்டும். எஞ்சிய நான்கும் தமக்குள்ளே எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.